வானில் புரியாத ஒளியைக் கண்டால்: பேசும் முன் எழுதுங்கள்

அன்றிரவு வீட்டு மாடியில் நான், மனைவி, மகள், மகன் நால்வரும்தான் பார்த்தோம். ஆரஞ்சு நிற ஒளி ஒன்று சத்தமே இல்லாமல் வந்தது, சற்று நின்றது, சட்டென்று அணைந்தது. விடிய விடிய அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சில வாரம் கழித்து விசாரிக்க வந்த அதிகாரி எங்களைத் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டார். நால்வர் வாயிலும் ஒரே கதை, ஒரே சொற்கள். "நாலு சாட்சி இருந்தும் எனக்குக் கிடைத்தது ஒரு சாட்சிதான்" என்றார்.

ஆகவே முதல் வேலை, பேச்சை நிறுத்துவது. ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு மூலை. எழுதட்டும், படமும் வரையட்டும். குழந்தைகளைத் திருத்தவே திருத்தாதீர்கள். என் மகள் "மரத்துக்குப் பின்னாடி போச்சுப்பா" என்றாள். நான்தான் "இல்லம்மா, முன்னாடி" என்றேன். முன்னால் போயிருந்தால் அது சில மீட்டர் தொலைவில் பறந்த சின்னப் பொருள். பின்னால் என்றால் பல கிலோமீட்டர் தள்ளியும் இருந்திருக்கலாம். தூரத்துக்கு இருந்த ஒரே தடயத்தை நானே அழித்துவிட்டேன்.

எழுதும்போது 'விண்கலம்' என்று எழுத வேண்டாம், 'ஒளி' என்றே எழுதுங்கள். நேரத்துக்குக் கைப்பேசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். "ஒன்பது மணி வாக்கில்" என்று நாங்கள் சொன்னதை வைத்து எந்த விமானப் பதிவோடும், எந்தச் செயற்கைக்கோள் பாதையோடும் ஒப்பிட முடியவில்லை.

நீங்கள் நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சுண்டுவிரல் 1 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று குறியுங்கள். "நிலா அளவு இருந்தது" என்பார்கள். முழுநிலாவே அரை டிகிரிதான், சுண்டுவிரல் அதை முழுக்க மறைத்துவிடும். மறுநாள் பகலில் அதே கோட்டில் நின்று அந்தத் திசையைப் படம் எடுங்கள். எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதை ஊகிக்காமல், ஒளி போன பாதையை விரலால் காட்டியபடி ஸ்டாப்வாட்சில் ஓடவிட்டுப் பாருங்கள்.

வீடியோவில் ஜூம் வேண்டாம். கூரையோ கம்பமோ படத்துக்குள் இருக்கட்டும். இருட்டில் தனியாக நிற்கும் ஒளிப்புள்ளி, அசையாவிட்டாலும் அசைவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். கம்பம் இருந்தால் அந்தச் சந்தேகம் தீரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி உதவாது, மூலக் கோப்பைக் கொடுங்கள்.

புகாருக்கு முன் ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் அந்த நேரத்து வானத்தைப் பாருங்கள். வெள்ளிக் கிரகமா, சர்வதேச விண்வெளி நிலையமா, 2019 முதல் வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களா, காற்றில் மிதக்கும் காகித விளக்கா என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

பிரான்ஸில் இதற்கென்றே விண்வெளி ஆய்வு மையத்தின் கீழ் ஜெய்பான் என்ற பிரிவு உண்டு. 1977-இல் வேறு பெயரில் தொடங்கியது. தனி அலுவலகம் இல்லாத நாடுகளில் காவல் நிலையத்திலோ விமானப் போக்குவரத்துத் துறையிலோ எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஜெய்பான் வகைப்பாட்டில் 'சி' என்றால் தகவல் போதவில்லை. 'டி' என்றால் நல்ல தகவல் இருந்து, முழுதாக ஆராய்ந்தும் விளங்கவில்லை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வானில் கண்ட புரியாத பொருட்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டத்தில் 1969 வரை சேர்ந்த 12,618 புகார்களில் 701 மட்டுமே விளங்காதவையாக நின்றன.

எங்கள் கோப்பு 'தகவல் போதாது' என்று மூடப்பட்டது. நாங்கள் கண்டது உண்மை. அதைத் தாளில் பிடித்துவைக்கத்தான் தவறினோம். நீங்கள் கொடுக்கும்போது சுத்தப் பிரதி எடுக்காதீர்கள். அடித்தல் திருத்தலோடு, குழந்தை கிறுக்கிய படத்தோடு, அன்றிரவுத் தாள்களையே கொடுங்கள்.