தேன் குறையும் முன் உண்ணியை எண்ணுங்கள்

இத்தாலியத் தேனீப் பெட்டியில் வரோவா உண்ணி பெருகினால், பாதிப்பு உடனே கண்ணில் படாது. தேனீக்கள் மெழுகால் மூடப்போகும் புழு அறைக்குள் தாய் உண்ணி புகுந்து, அங்கேயே முட்டையிடும். குஞ்சுகளோடு சேர்ந்து கூட்டுப்புழுவை உறிஞ்சித் தின்னும். சிறகைச் சிதைக்கும் வைரஸையும் பரப்பும். அப்படிப் பிறக்கும் தேனீ எடை குறைந்திருக்கும், ஆயுளும் குறைவு. பூவுக்குப் போகும் வயதை எட்டுமுன்பே பல செத்துவிடும்.

முட்டை தேனீயாக 21 நாள், அது பூத்தேடிப் பறக்க இன்னும் சுமார் 3 வாரம். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரத் துளிரில் சுரக்கும் தேன் பிப்ரவரியில் வரும் என்றால், அதை எடுக்கப்போகும் தேனீக்கு டிசம்பர் நடுவில் முட்டையிடப்படுகிறது. அதற்குள் உண்ணி அடங்கியிருக்க வேண்டும். ஆகவே நவம்பர் தொடக்கத்திலேயே எண்ணிவிடுங்கள்.

ஒரு லிட்டர் அகலவாய் பாட்டிலின் மூடியை வெட்டி, 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை பொருத்துங்கள். புழு அடையில் ராணி இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, அரை கப் தேனீயை உதறிப் போடுங்கள். சுமார் 300 இருக்கும். வாசலிலோ, தேன் சேரும் மேல்தட்டான தேன் அறையிலோ எடுத்தால் கணக்குக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் உண்ணி புழுவைப் பார்க்கும் இளந்தேனீ மேல்தான் அதிகம் ஒட்டியிருக்கும். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை சேர்த்து ஒரு நிமிடம் உருட்டி, நிழலில் மூன்று நிமிடம் வையுங்கள். பிறகு கவிழ்த்து, வெள்ளைத் தட்டின் மேல் ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். தட்டில் நீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து, செம்பழுப்பு நிறத்தில் நண்டு போலத் தட்டையான உண்ணி தெரியும். ஈரம் கோத்த சர்க்கரை உண்ணியை உதிர்க்காது; மழை நாளில் செய்யாதீர்கள். தேனீக்களைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், மற்றவை அவற்றை நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

300க்கு 9 உண்ணி, அதாவது நூற்றுக்கு 3 இருந்தால் தாமதிக்கக் கூடாது. மூடிய அறைகளுக்குள் இதைவிட அதிகம் ஒளிந்திருக்கும்.

முதலில் மூடிய ஆண் தேனீப் புழு அடையை வெட்டி எடுங்கள். உண்ணி அதைத்தான் அதிகம் நாடும். அடுத்து 85 சதவீத ஃபார்மிக் அமிலம் 5 மில்லியைப் பஞ்சுத்திரி போட்ட சிறு குப்பியில் ஊற்றி அடிப்பலகையில் வையுங்கள். தினமும் மாலையில் நிரப்பி, 15 நாள் தொடருங்கள். இதன் ஆவி மெழுகு மூடியைத் தாண்டி உள்ளேயும் போகும் என்பதே இதன் பலம். கடும் வெயிலில் வேகமாக ஆவியாகி ராணியையும் புழுவையும் கொல்லக்கூடும். கையுறை, கண்ணாடி கட்டாயம். தேன் அறை பெட்டியில் இருக்கும்போது வைக்கவே கூடாது.

மருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். தோட்டத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் மருந்தைத் தொடங்குங்கள். ஒன்றை விட்டால், வழிமாறி நுழையும் தேனீயோடு உண்ணி மீண்டும் வந்துவிடும்.