சோறு ஒன்பதே காலுக்குத்தான் வரும்

அம்மாவின் 75ஆவது பிறந்தநாளுக்கு லண்டனிலிருந்து வந்த தம்பி, "இந்த முறை பெரிய இடமா ஒண்டுக்குப் போவம் அக்கா" என்றான். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தைக்காரர். இந்தியச் சாப்பாடு என்றால் எங்களுக்குக் காலி வீதியில் தோசை, வடை, வாழையிலைச் சாப்பாடு. இவன் கூட்டிக்கொண்டு போனதோ வேறு மாதிரியான, விலை கூடிய இந்திய உணவகம்: அரையிருட்டு, மேசையில் ஆளுக்கு மூன்று கரண்டி, தட்டு அகலமாய் இருக்க நடுவில் ஒரே ஒரு உருண்டை. அதன் பிறகு நான்கு தரம் இப்படியான இடங்களுக்குப் போய்விட்டேன். எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது கலியாண நாள் வந்தால் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள்: என்ன உடுப்பது, எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு காசு முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதுகிறேன்.

மேசை பதிவு செய்வதைத் தொலைபேசியில் செய்யுங்கள். இணையத்திலும் செய்யலாம், ஆனால் "சைவம்" என்று ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டால் காரியம் முடியாது. முட்டை சேர்ப்பீர்களா என்று கேட்க வேண்டும். நம் ஊரில் சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுவது கை பழகிய பழக்கம், அதனால் மாசியும் கூடாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாரும் யோசிக்காத இன்னொன்று ஜெலட்டின். பன்னா கோட்டா மாதிரித் தளதளவென்று ஆடும் இனிப்புகளை இறுக வைப்பது பெரும்பாலும் அதுதான், அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் போட்டுச் செய்தார்கள் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு நாள் முன்பு சொன்னால் சமையலறை மாற்றித் தரும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்தத் தட்டு உங்களுக்கு வராது, அவ்வளவுதான்.

நாளையும் பார்த்துப் பதியுங்கள். வெள்ளிக்கிழமையில் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாதவர்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், பாதி மெனு வீண். கந்தசஷ்டி ஆறு நாளும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு வைன் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் போயா (பௌர்ணமி) தினத்தைத் தவிருங்கள், அன்று மது விற்க முடியாது.

இனி மருந்து. முதல் தரம் போனபோது எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம். வழக்கம்போல வீட்டில் ஆறரைக்குக் குளிசையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டா, ஏழு மணிக்குச் சாப்பாடுதானே என்று. ஏழரைக்கு ஒரு கரண்டியில் ஏதோ வந்தது. ஏழே முக்காலுக்குக் கடலைக்கொட்டை அளவில் இன்னொன்று. எட்டு மணிக்கு அம்மாவின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பரிமாறிய பெடியன்தான் முதலில் கவனித்து ஓடிப்போய்த் தோடம்பழச் சாறு கொண்டுவந்தான். ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, நல்ல தமிழ். சாற்றைக் குடித்து முகம் தெளிந்ததும் அம்மா அவனிடம் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, சோறு எப்ப வரும்?"

"ஒன்பதே காலுக்கு வரும் அம்மா. ஏழாவது தட்டு."

ஆகவே, குளிசை போடுகிறவர்கள் இருந்தால் எத்தனை மணிக்கு எந்தத் தட்டு வரும் என்று பதியும்போதே கேளுங்கள், வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் இப்போது ஐந்தரைக்கு அம்மாவுக்கு ஒரு பணிசும் தேத்தண்ணியும் கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உடுப்புப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். சேலை எங்கேயும் செல்லும். ஆண்கள் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டால் போதும்.

உட்கார்ந்ததும் தண்ணீர் பற்றிக் கேட்பார்கள். யோசிக்காமல் தலையாட்டினால் போத்தலைத் திறந்துவிடுவார்கள், அதற்கு விலை உண்டு. விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் மெனு. இரண்டு வகை இருக்கும்: தனித்தனியாகக் கேட்டு எடுப்பது ஒன்று, சமையல்காரர் வரிசைப்படுத்தி வைத்த செட் மெனு மற்றது. செட் மெனுவை மேசையில் எல்லாரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள், நேரமும் இரண்டரை, மூன்று மணித்தியாலம் போகும். சின்னப்பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சென்னையில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலில் 2017இல் தொடங்கிய 'ஆவர்த்தனா' உணவகம் இந்த வரிசை முறைக்குப் பேர் போனது. 2024இல் காலிமுகத்திடலுக்கு எதிரே ஐ.டி.சி. ரத்னதீப ஹோட்டல் திறந்த பிறகு அது கொழும்புக்கும் வந்துவிட்டது. கச்சேரி கேட்கிறவர்களுக்குப் பெயர் உடனே பிடிபடும்: ஆவர்த்தனம் என்றால் தாளத்தின் ஒரு முழுச் சுற்று. தென்னிந்தியச் சமையலையே கழற்றித் திரும்பப் பூட்டுகிறார்கள் என்பதால் நமக்கு அங்கே பாதி தெரிந்த ருசி, பாதி புதினம்.

ரசம் அதற்கு நல்ல உதாரணம். கோப்பி வடிக்கிற கண்ணாடிக் குடுவையில் தக்காளி ரசத்தை இலைகளோடு அழுத்தி, தெளிந்த தேன் நிறத்தில் கால் வைத்த கிளாசில் ஊற்றித் தருவார்கள். சோறு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சூடு ஆறமுன் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். இதே வகைச் சமையலில் இன்னொரு வித்தை தயிர் உருண்டை. பாங்கொக்கில் ககன் ஆனந்த் 2010இல் திறந்த உணவகத்தால் பிரபலமானது. பார்க்க முட்டைக்கரு மாதிரி ஆடும், ஆனால் முட்டை இல்லை. தயிரில் இருக்கும் கல்சியம், கடற்பாசியிலிருந்து எடுத்த அல்ஜினேற் கரைத்த தண்ணீரில் பட்டதும் மேலே மெல்லிய தோல் கட்டுகிறது, உள்ளே தயிர் தயிராகவே இருக்கிறது. கரண்டியோடு முழுதாக வாய்க்குள் போட்டு வாயை மூடிக்கொண்டு கடியுங்கள். எங்கள் மாமி அதைக் கத்தியால் வெட்டப் போய் மடியெல்லாம் தயிர். பானி பூரியும் அப்படித்தான், இரண்டு கடியில் தின்ன நினைத்தால் சேலைதான் நனையும்.

காரம் எப்படி வேண்டும் என்று கேட்கும்போது மரியாதைக்காகக் "குறைவாக" என்று சொல்லாதீர்கள். வெள்ளைக்காரருக்குப் போகிற அளவு வந்து சேரும். நான் "நீங்கள் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி" என்று சொல்வேன். அப்படிச் சொன்னாலும் வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள் பழகிய நாக்குக்கு வட இந்தியக் குழம்புகள் முதலில் இனிப்பது போலத்தான் இருக்கும். தயிர், ஆடை, கஜு, வெங்காயம் நெடுநேரம் வதங்கியது எல்லாம் சேர்ந்த இனிப்பு அது. மூன்றாவது வாயில் பழகிவிடும். சம்பல் கேட்காதீர்கள், என் தம்பி கேட்டான், எனக்கு மேசைக்குக் கீழே ஒளியலாம் போல இருந்தது.

தனியாக எடுப்பதென்றால் கறுப்பு உளுந்துப் பருப்பை விடாதீர்கள். நமக்கு உளுந்து என்றால் தோசைக்கும் வடைக்கும்தான். அவர்கள் தோலோடு முழு உளுந்தை இரவு முழுக்கத் தணலில் வைத்து, தக்காளியும் வெண்ணெயும் சேர்த்துக் குழைய விடுகிறார்கள். நான்கு பேருக்கு ஒரு கிண்ணம் தாராளம். நான் ரொட்டியை ஒன்றொன்றாகக் கேளுங்கள். தந்தூர் அடுப்பு 400 பாகைக்கு மேல் கொதிப்பது, ஒன்றிரண்டு நிமிடத்தில் நான் வெந்துவிடும், ஆனால் மேசையில் பத்து நிமிடம் கிடந்தால் செருப்புத் தோல். பிரியாணிச் சட்டியின் மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் மா, ஆவி போகாமல் அடைத்தது. தின்பதற்கு இல்லை.

கையால் சாப்பிடலாமா? இதைத்தான் எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். சாப்பிடலாம். நான் ரொட்டி, பருப்பு, பிரியாணி எல்லாம் கையால்தான் சாப்பிடுகிறேன், கை கழுவக் கிண்ணமும் கேட்டு வாங்குகிறேன். சின்ன உருண்டைகளுக்கும் திரவங்களுக்கும் மட்டும் அவர்கள் தருகிற கரண்டி. பக்கத்து மேசையில் ஒருவர் நானைக் கத்தி, முள்ளுக்கரண்டியால் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றோடு எனக்கு வெட்கம் விட்டுப்போனது.

காசுக்கு வருவோம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது முழு விலை இல்லை. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், சமூகப் பாதுகாப்பு உதவுதொகை 2.5 வீதம், வற் வரி 18 வீதம். வற் 2024 தைமாதம் 15இலிருந்து 18 ஆனது. 15,000 ரூபாய் என்று எழுதியிருந்தால் ஆளுக்கு 20,000 கையில் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூட என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே மெனுவைப் படியுங்கள். வங்கி அட்டைக் கழிவுகளையும் ஓடர் கொடுக்கமுன் கேளுங்கள்: இந்த அட்டைக்கு இன்று உண்டா, செட் மெனுவுக்கும் உண்டா, எத்தனை பேருக்கு? கேட்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. ஒரு தரம் நாங்கள் பில் வந்த பிறகு அட்டையை நீட்டி, அந்தக் கழிவு வார நாட்களுக்கு மட்டும்தான் என்று கேள்விப்பட்டு, தம்பியும் நானும் யார் கட்டுவது என்று சண்டை பிடிப்பதை அத்தோடு நிறுத்திவிட்டோம். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருப்பதால் சந்தோஷக் காசு கட்டாயமில்லை. மனம் வைத்துக் கவனித்த பிள்ளைக்கு நான் தனியாகக் கையில் கொடுப்பேன்.

தனியாக எடுத்ததில் மிச்சம் இருந்தால் கட்டித் தரச் சொல்லுங்கள், உளுந்துப் பருப்பு அடுத்த நாள் பாணோடு இன்னும் நல்லாயிருக்கும். திரும்பிப் போகப் பிக்மீ வாடகை வண்டி கூப்பிடுவதானால் எல்லாரும் எழும்பி வாசலுக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள். அன்றைக்கு அம்மா வாசலில் நின்று அந்த ஹற்றன் தம்பியிடம் ரசத்துக்கு என்ன இலை போட்டது என்று விசாரித்து முடிவதற்குள் முதல் வண்டி போய்விட்டது.