ஜெப நோட்டில் ஒரு பக்கம் காலியாக இருக்கட்டும்

ஜெபக் குறிப்பு எழுதுகிறவர்கள் நோட்டின் இடப்பக்கத்தில் தேவையை மட்டும் எழுதுங்கள். யார் மூலம், எப்படி நடக்க வேண்டும் என்று எழுத வேண்டாம். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். நடப்பது எதுவானாலும் தேதி போட்டு அங்கே குறியுங்கள். வழியையும் நாமே முடிவு செய்துவிட்டால், வேறு வழியாக வரும் பதில் கண்ணில் படாது. பேதுரு சிறையிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது, அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லையே (அப்போஸ்தலர் 12)!

நம்ம குமரி மாவட்டத்து மயிலாடி ஊர்க் கதையும் அப்படித்தான். அந்த ஊர்க்காரர் மகாராசன் கிளம்பியது சிதம்பரம் யாத்திரைக்கு. ஊர் திரும்பியதோ தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற புதுப் பெயரோடு. 1806-ல் ஜெர்மானிய மிஷனரியான ரிங்கல்தௌபே போதகர் மயிலாடிக்கு வந்தது அதன் தொடர்ச்சி.

அப்புறம், மருந்து, கடன் தவணை போன்றவற்றில் நாம் செய்ய வேண்டியதை நிறுத்திவிடாதீர்கள். நோட்டு அதற்கு மாற்று இல்லை.