ராஸ்பெரி பையில் டிஎஸ் கேம்: மலைக்குளிரில் தொடுதிரை அமைக்கும் முறை

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், ரெட்ரோபை என்ற மென்பொருளைக் கொண்டு பழைய கன்சோல் கேம்களை ஓட்டலாம். பழைய கையடக்க கன்சோல்களில் தொடுதிரை இல்லாமல் முடியவே முடியாது என்பது நின்டெண்டோ டிஎஸ் வரிசைக்குத்தான். 2004-இல் வந்த டிஎஸ்ஸின் கீழ்த்திரையில் வரைய வேண்டும், இழுக்க வேண்டும், தட்ட வேண்டும். கேம்பாய் அட்வான்ஸ் போன்றவற்றுக்குத் திரையிலேயே பட்டன் வரைந்துகொள்ளலாம்தான். ஆனால் விரலுக்கு விளிம்பு தட்டுப்படாத பட்டனில் ஓடிக்கொண்டே குதிப்பது கைக்கு வராது. அதற்கு யூஎஸ்பி கேம்பேட் வைத்துக்கொள்ளுங்கள். ரெட்ரோபையின் முகப்பான எமுலேஷன்ஸ்டேஷன் தொடுதலை ஏற்காது. எப்படிப் பார்த்தாலும் கேம்பேட் வேண்டும்.

எந்தத் திரை வாங்குவது

விலை குறைவு என்று 3.5 அங்குல எஸ்பிஐ (படத்தைப் பிட் பிட்டாக அனுப்பும் மெதுவான இணைப்பு) திரையை வாங்கிவிடாதீர்கள். அதில் 480×320 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட். ஒரு முழுப் படத்துக்கு ஏறக்குறைய 24.5 லட்சம் பிட். 32 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் வினாடிக்கு 13 படம்தான் போய்ச்சேரும். டிஎஸ்ஸுக்கு வேண்டியது 60. மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்பும் டிரைவர்கள் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் வேகமாக நகரும் காட்சியில் அவையும் திணறும். இந்தத் திரைகள் பெரும்பாலும் ரெசிஸ்டிவ் வகை, அழுத்தினால் போதும், கம்பளிக் கையுறையோடும் வேலை செய்யும். ஜனவரி ஊட்டியில் அது சின்ன வசதி இல்லை. இருந்தாலும் படம் வெட்டி வெட்டி வந்தால் விளையாட்டே போய்விடும்.

எங்கள் பரிந்துரை: ராஸ்பெரி பை 4, அதனோடு ராஸ்பெரி பையின் 800×480 கொண்ட 7 அங்குல டிஎஸ்ஐ (போர்டின் டிஸ்ப்ளே சாக்கெட்டில் இணையும்) திரை. இது விரலின் மின்தன்மையை உணரும் கெபாசிடிவ் வகை, பத்து விரல்வரை அறியும், அளவுதிருத்தம் வேண்டாம். கையுறையைக் கழற்ற வேண்டும், அல்லது கெபாசிடிவ் ஸ்டைலஸ் வைத்துக்கொள்ள வேண்டும்.

இணைப்பு

பை 4-இல் டிஎஸ்ஐ சாக்கெட் மெமரி கார்டு இருக்கும் முனையில் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐக்கும் ஆடியோ ஜாக்கிற்கும் நடுவில் இருப்பது கேமரா சாக்கெட். அளவில் ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றிச் செருகுவது சகஜம். கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் இரு பக்கமும் மெல்லத் தூக்கி, ரிப்பன் கேபிளை நேராக அடிவரை இறக்கி, தாழ்ப்பாளை அழுத்துங்கள். கேபிள் லேசாகச் சாய்ந்தால்கூடப் படம் வரும், தொடுதல் வராது என்ற நிலை ஏற்படலாம். தொடுதல் தகவலும் அதே ரிப்பனில்தான் வருகிறது. திரைக்கான மின்சாரம் தனி: 5 வோல்ட் ஒயர் ஜிபிஐஓ எனும் போர்டின் முனை வரிசையில் 2-ஆம் முனைக்கு, கிரவுண்ட் 6-ஆம் முனைக்கு. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் திரை பிழைக்காது. பவர் கொடுக்குமுன் இரண்டு முறை எண்ணிப் பாருங்கள்.

படம் திரும்பும், தொடுதல் திரும்பாது

பெட்டிக்குள் வைத்ததும் படம் தலைகீழாக வருவதுண்டு. அப்போது மெமரி கார்டைக் கணினியில் போட்டு, பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக் கோப்பில் 'டிஸ்ப்ளே ரொட்டேட்' அமைப்பை மாற்றுகிறார்கள். படம் நிமிர்ந்துவிடும், ஆனால் மேலே தொட்டால் கீழே பதியும். பஸ்டர் என்ற இயங்குதள வெளியீட்டின் அடிப்படையிலான ரெட்ரோபை 4.8-இல் மாற்ற வேண்டியது 'எல்சிடி ரொட்டேட்'. அதன் மதிப்பை 2 ஆக்கினால் இரண்டும் சேர்ந்து திரும்பும். சந்தேகம் வந்தால் ஈவிடெஸ்ட் என்ற சிறு கருவியை நிறுவி, நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். இடமேல் மூலையில் எக்ஸ், ஒய் இரண்டும் 0-க்கு அருகிலும், வலக்கீழ் மூலையில் 799, 479-க்கு அருகிலும் வர வேண்டும்.

கேமுக்குள்

பை 4-இல் ரெட்ரோபை செட்டப் மூலம் டெஸ்மூமி 2015 கோரை (டிஎஸ் கேமை ஓட்டும் மென்பொருள்) நிறுவுங்கள். கேம் ஓடும்போது கேம்பேடில் ஹாட்கீயாக அமைத்த பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால், கோர்களை இயக்கும் ரெட்ரோஆர்ச்சின் மெனு வரும். கோர் ஆப்ஷன்ஸில் பாயின்டரை இயக்கி, பாயின்டர் வகையை 'மவுஸ்' என்பதிலிருந்து 'டச்' ஆக்குங்கள். மவுஸிலேயே விட்டால் தொட்ட இடத்துக்குக் குறி போகாது, இருந்த இடத்திலிருந்து ஊர்ந்து போகும். தொடுதல் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். வேகம் குறைந்தால் ஃப்ரேம்ஸ்கிப்பை (இடையில் விட்டுவிடும் படங்களின் எண்ணிக்கை) 1 அல்லது 2 வையுங்கள்.

திரை அடுக்கையும் மாற்றுங்கள். டிஎஸ் திரை ஒவ்வொன்றும் 256×192. மேலும் கீழுமாக வைத்தால் 480 புள்ளி உயரத்தில் ஒவ்வொன்றுக்கும் 320×240 கிடைக்கும்; அகலம் 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அசல் டிஎஸ் அளவுதான். 'லெஃப்ட்/ரைட்' வைத்தால் 400×300. எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரலால் விளையாடுபவருக்கு இதுவே நல்லது. இடது கைக்காரர்கள் 'ரைட்/லெஃப்ட்' வைத்தால் கீழ்த்திரை இடப்பக்கம் வரும். முழு எண் மடங்கில் மட்டும் படத்தைப் பெரிதாக்கும் இன்டிஜர் ஸ்கேலை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் படம் நடுவில் தபால்தலையாகச் சுருங்கும்.

மின்சாரமும் பனியும்

பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜர் வேண்டும். மெலிந்த கேபிளில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் மூலையில் மின்னல் குறி வரும். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் பவர்பேங்க் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும்போது, கரண்ட் போகும் அந்த நொடியில் சில பவர்பேங்குகள் துண்டித்துவிடும். எழுதிக்கொண்டிருந்த மெமரி கார்டு அப்போது கெடலாம். வாங்கிய நாளிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். உறைபனி விழும் இரவில் வெளியே விட்ட லித்தியம் செல்லை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் உள்ளுக்குள் சேதமாகும்.

சார்ஜரில் இருக்கும்போது மட்டும் குறி தானாகத் துள்ளினால் திரை மீது பழி போட வேண்டாம். பவர்பேங்கில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். துள்ளல் நின்றுவிட்டால் சார்ஜரின் இரைச்சலோ வீட்டின் எர்த்தோ காரணம்; வேறு நல்ல சார்ஜர் மாற்றுங்கள். இரண்டிலும் துள்ளினால் கண்ணாடியில் ஈரம் இருக்கும். மூடுபனியின் துளியையும் கெபாசிடிவ் திரை விரலாகவே எண்ணும். பருத்தித் துணியால் துடைத்தால் போதும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகையில் குளிர்ந்த கருவியைத் தோள்பையிலிருந்து உடனே எடுக்காதீர்கள், கீழ்க்காற்றின் ஈரம் போர்டில் வியர்த்துவிடும். தோள்பையை மூடியபடியே அரை மணி நேரமாவது விட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.