பழைய சிவப்பு ஒயினும் மிளகுக் கறியும்

பதினைந்து, இருபது வருஷம் பாட்டிலில் கிடந்த சிவப்பு ஒயினைத் திறப்பதென்றால், அந்த ஒயினுக்குத் தக்கபடிதான் கறி வைக்க வேண்டும். வயசாக ஆக, இளம் ஒயினின் துவர்ப்பு வண்டலாகி அடியில் இறங்கிவிடும். பழ வாசம் மங்கி, காய்ந்த இலை, புகையிலை, காளான் வாசம் எழும். மிளகாய்த்தூள் போட்ட குழம்புக்கு முன்னால் இதெல்லாம் காணாமல் போகும்.

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல மிளகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கருமிளகின் வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள்தான் சிரா திராட்சை ஒயினிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதை வெளியிட்டார்கள். அதனால் பிரான்சின் எர்மிதாஜ், கோர்னாஸ் ஊர்களின் சிரா ஒயின், இல்லாவிட்டால் வயதான ஆஸ்திரேலிய ஷிராஸ் (சிராவுக்கு அங்கே இதுதான் பெயர்) எடுப்பது நல்லது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே தெரியாது. விருந்தாளி "மிளகா, எங்கே?" என்று கேட்டால் வாதாட வேண்டாம்.

மலைப்பாதையில் குலுங்கி வந்த பாட்டிலை மூன்று நாளாவது ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் வண்டல் பக்கவாட்டில் தங்கி, ஊற்றும்போது கலங்கிவிடும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். 16 முதல் 18 டிகிரியில் பரிமாற வேண்டும். 'அறை வெப்பநிலை' என்று புத்தகத்தில் போட்டிருப்பது ஐரோப்பிய அறை. நம் பக்கத்துக் கோடையில் 32 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் நிற்கும்.

பழைய கார்க் உதிரும். கார்க் திருகியை நேராக, கடைசிவரை இறக்கி மெதுவாக இழுங்கள். உடைந்துவிட்டால், சோப்பு வாசமில்லாத மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடுத்து, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடித்தபடி, ஒரே சீராகக் கண்ணாடி ஜக்கில் ஊற்ற வேண்டும். நடுவில் பாட்டிலை நிமிர்த்தக் கூடாது. கழுத்தில் கருப்பாகப் புகை மாதிரி வண்டல் வந்ததும் நிறுத்துங்கள். 50 மில்லி போனால் போகட்டும். ஊற்றியதும் பரிமாறிவிடுங்கள். இளம் ஒயினைப்போல மணிக்கணக்கில் காற்றாட விட்டால், மிச்சமிருக்கும் வாசமும் போய்விடும்.

கறி நாலு பேருக்கு: எலும்போடு ஆட்டுக்கறி 750 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, உப்பு, புதிதாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி. தக்காளி, மிளகாய், கரம் மசாலா கிடையாது. எண்ணெயில் கறிவேப்பிலையோடு வதக்கும் வெங்காயம் பொன்னிறமானதும் அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். செக்கச் சிவக்க வதக்கினால் இனிப்பு ஏறி, ஒயின் புளித்ததுபோலத் தெரியும். விழுது, கறி, உப்பு, பாதி மிளகு சேர்த்துக் கிளறி, 200 மில்லி தண்ணீரோடு குக்கரில் ஒரு விசில் வந்ததும் தணலைக் குறைத்து இருபது நிமிஷம். மூடி திறந்து, மசாலா கறியில் ஒட்டும்வரை வற்ற விட்டு, அடுப்பை அணைத்த பிறகு மீதி மிளகைத் தூவுங்கள். கொதியிலேயே போட்டால் வாசம் ஆவியோடு போய், காரம் மட்டும் மிஞ்சும். உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்பும் கொழுப்பும்தான் ஒயினின் மீதித் துவர்ப்பை மென்மையாக்கும். தொட்டுக்கொள்ள இடியாப்பம் போதும்.

ரசம், ஊறுகாய், எலுமிச்சை பிழிந்த வெங்காயம் மூன்றும் மேசைக்கு வர வேண்டாம். புளிப்புக்குப் பின்னால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். குடம்புளி மீன்குழம்பு இன்னும் மோசம்: சிவப்பு ஒயினின் இரும்பும் மீன் கொழுப்பும் சேர்ந்தால் வாயில் உலோக வாடை அடிக்கும். பாயசம் ஒயின் தீர்ந்த பிறகு.

திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க் கெட்டதன் அடையாளம். எவ்வளவு நேரம் காற்றாட விட்டாலும் தேறாது. அதற்காகவே ஒரு இளம் ஷிராஸ் பாட்டிலைத் தனியாக வைத்திருங்கள், அதற்கும் இதே கறி பொருந்தும்.