ரைஃபிள் ஸ்கோப்: கண்ணாடியைப் பார்த்து மயங்கி டரட்டை மறந்தவர்கள்

சுடும் பயிற்சித் தளத்துக்கு (ரேஞ்ச்) புதிதாக வருபவர்கள் செய்கிற தவறுகளில் புதியவை அரிது. பத்து வருடம் முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகள்தான், ஸ்கோப்பின், அதாவது ரைஃபிள் மேல் பொருத்தும் குறித்தொலைநோக்கியின், விலை மட்டும் ஏறியிருக்கிறது. லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதே என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம். இங்கே பேச்சு 600 முதல் 1000 மீட்டர் வரை இலக்குச் சுடுபவர்களுக்கான ஸ்கோப் பற்றி.

பெரிய குழாய் என்றால் அதிக வெளிச்சமா?

இல்லை. 30 மி.மீ.க்குப் பதில் 34 மி.மீ. குழாய் வாங்கினால் பெரும்பாலும் கிடைப்பது டரட் (குறியை நகர்த்தத் திருப்பும் குமிழ்) கூடுதலாக நகர இடம். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலத்தை அறிய முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 5-25x56 ஸ்கோப்பில் (5 முதல் 25 மடங்கு, 56 மி.மீ. முன் லென்ஸ்) 25 மடங்கில் அது 2.2 மி.மீ.தான். அந்தி நேரத்தில் 10 மடங்குக்கு இறக்கினால் 5.6 மி.மீ. கிடைக்கும்.

ரெட்டிகிள் மில்லில், டரட் எம்.ஓ.ஏ.வில்

ரெட்டிகிள் என்பது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு. மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எம்.ஓ.ஏ. (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இரண்டும் வெவ்வேறு கோண அளவுகள். இரண்டையும் கலந்த ஸ்கோப்பை வாங்காதீர்கள்.

டரட்டைச் சோதிக்காமல் நம்புவது

எரிச்சல் தருவது இதுதான். கடை வாசலில் நின்று எதிர்த்தெருப் பலகையைப் பார்த்து, "என்ன தெளிவு!" என்று சொல்லி 3,000 டாலரை எடுத்து வைத்துவிடுகிறார்கள். இந்த விலையில் கண்ணாடி நன்றாக இருப்பதில் அதிசயம் இல்லை. 10 மில் திருப்பினால் 10 மில் நகர்கிறதா, திரும்ப வைத்தால் பூஜ்யத்துக்கு வருகிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

2 சதவீதப் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டு கீழே இறங்குவதை ஈடுகட்ட 600 மீட்டரில் 4 மில் திருப்பினால் தப்புவது 0.08 மில், டரட்டின் ஒரு கிளிக்குக்கும் (0.1 மில்) குறைவு. கண்ணில் படாது. 1000 மீட்டரில் 10 மில் திருப்பும்போது அதுவே 0.2 மில், அதாவது 20 செ.மீ. 30 செ.மீ. தகட்டின் நடுவைக் குறிவைத்தவருக்குத் தகடே தப்பும். அப்போது அவர் ஸ்கோப்பைச் சந்தேகிப்பாரா? மாட்டார். குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப்பில் தோட்டாவின் வேகத்தை மாற்றுவார். அது 1000-க்குப் பொருந்தி 800-இல் இடிக்கும். அடுத்து வெடிமருந்தை மாற்றுவார், பிறகு தோட்டாவை, கடைசியில் பேரலை. பிழை பேரலுக்கு மேலே, ஸ்கோப்பின் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

சோதனைக்கு ஒரு காலை நேரம் போதும். ஸ்கோப்பை அசையாத தாங்கியில் இறுக்குங்கள். முன் லென்ஸிலிருந்து பலகை வரை சரியாக 100 மீட்டரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கையடக்க லேசர் கருவி ஒரு மீட்டர் முன்னே பின்னே காட்டும், அதுவே 1 சதவீதப் பிழை. தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பலகையில் நேர்கோடு போட்டு, 10 செ.மீ.க்கு ஒன்றாக ஒரு மீட்டருக்குக் குறியிடுங்கள். டரட்டை மேல்நோக்கித் திருப்பினால் ரெட்டிகிள் கீழே இறங்கும், அதனால் மேல் குறியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மில்லுக்கும் 10 செ.மீ. இறங்க வேண்டும், கோட்டை விட்டு விலகக் கூடாது. பூஜ்யத்துக்குத் திரும்பி, ஐந்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒரு எச்சரிக்கை: 100 கஜ ரேஞ்சில் 10 மில்லுக்கு 91.4 செ.மீ.தான் வரும். இதை மறந்து நல்ல ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

பிழை எல்லா இடத்திலும் ஒரே விகிதமாக இருந்தால் ஆப்பில் திருத்த எண் கொடுத்துச் சமாளிக்கலாம். ஒரு தடவை ஒன்று, மறு தடவை வேறு என்று காட்டினால் தயாரிப்பாளருக்கு அனுப்புவதுதான் வழி.

சாய்ந்த மவுண்ட்

ரெட்டிகிள் 2 பாகை சாய்ந்திருந்தால் 10 மில் ஏற்றும்போது குண்டு பக்கவாட்டில் 0.35 மில் போகும். 1000 மீட்டரில் 35 செ.மீ. பாவம், காற்றுதான் பழி சுமக்கும். ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கின் ஸ்க்ரூவைக் கை பலத்தில் இறுக்காமல் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) பயன்படுத்துங்கள். பெரும்பாலும் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, ரிங் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணே இறுதி. அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கி பாராலாக்ஸ் குமிழ் கடினமாகும்.

பாராலாக்ஸ் குமிழில் இருக்கும் எண்

கண் நகரும்போது இலக்கின் மேல் ரெட்டிகிளும் நகர்வதுபோல் தெரிவதே பாராலாக்ஸ், அதை நீக்கவே இந்தக் குமிழ். அதில் எழுதிய தூரத்தை நம்பி வைக்காதீர்கள். முதலில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, ரெட்டிகிள் பார்த்த கணமே கூர்மையாகத் தெரியும்படி கண்முனை வளையத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு ரைஃபிளை மணல் பையில் வைத்துத் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இலக்கின் மேல் ரெட்டிகிள் நகராமல் நிற்கும் இடமே சரியான இடம், குமிழ் 300 என்று காட்டினாலும் 450 என்று காட்டினாலும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டப் போகிறீர்களா?

அது பின்னும் முன்னும் உதைக்கும். அந்த உதையைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதித் தராத ஸ்கோப், எத்தனை ஆயிரம் டாலரானாலும், அதில் ஏறக் கூடாது.