கைப்பேசியில் சிக்னல் போய்விட்டால்: எங்கே தொடங்குவது, எதைக் கடைசியில் செய்வது

கைப்பேசியில் சிக்னல் போனவுடன் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அமைப்புகளுக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிவைக்கிறார்கள். அல்லது பக்கத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கே ‘சாஃப்ட்வேர் போட வேண்டும்’ என்று சொன்னதும் தலையாட்டிவிடுகிறார்கள். படங்களும் சேமித்த எண்களும் அழிந்த பிறகுதான், பழுது சிம் அட்டையில் இருந்தது என்று தெரியவருகிறது. எங்கள் குடும்பத்திலேயே இப்படி ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் மொத்தமும் போயின. ஆகவே, எதையும் அழிப்பதற்கு முன், பழுது நம் ஊரிலா, நம் இணைப்பிலா, கையிலுள்ள கருவியிலா என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பத்து நிமிடமும் வீட்டிலுள்ள இன்னொரு கைப்பேசியும் போதும்.

முதலில், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். ‘சிம் இல்லை’ என்றிருந்தால் கைப்பேசியால் அட்டையைப் படிக்கவே முடியவில்லை என்று பொருள். அப்போது டவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ‘சேவை இல்லை’ என்றிருந்தால் அட்டை படிக்கப்படுகிறது, ஆனால் இணைவதற்கு டவர் கிடைக்கவில்லை. ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்றிருந்தால் ஏதோ ஒரு நிறுவனத்தின் டவர் எட்டுகிறது, ஆனால் உங்கள் எண்ணை அது உள்ளே விடவில்லை. அந்த நிலையிலும் 112 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எந்த நிறுவனத்தின் டவராக இருந்தாலும் அந்த அழைப்பைக் கொண்டுசேர்க்கும். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதை அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

சிக்னல் கோடுகள் முழுமையாக நின்றும் பேச முடியவில்லை என்றால் அது வேறு கதை. ரீசார்ஜ் காலம் முடிந்திருக்கலாம். அல்லது 4ஜி வழியாகக் குரலைக் கொண்டுசெல்லும் ‘வோல்ட்இ’ வசதி அணைக்கப்பட்டிருக்கலாம்: ஜியோவுக்குத் தொடக்கத்திலிருந்தே 2ஜி, 3ஜி கிடையாது என்பதால், அதில் குரலும் 4ஜி வழியாகத்தான் போயாக வேண்டும், அந்தப் பொத்தானை அணைத்துவிட்டால் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது. உள்வரும் அழைப்பு மட்டும் வரவில்லை என்றால், அழைப்பு அமைப்புகளில் உங்கள் அழைப்புகள் வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கோடுகளே இல்லையென்றால், அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அவருக்கும் இல்லையென்றால் உங்கள் கைப்பேசியைத் தொடவே வேண்டாம். பழுது டவரில் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018 நவம்பரில் கஜா புயலின்போது நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களிலும் டவர்கள் ஓய்ந்துபோனதற்கு மின்சாரம் இல்லாததே பெரிய காரணம். டவரின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் போய்ச் சேர வேண்டும், தண்ணீர் சூழ்ந்த சாலையில் அது எளிதல்ல. இப்படிப்பட்ட நேரத்தில் கைப்பேசி ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் வேகமாக இறங்கும். எனவே விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, மணிக்கொரு முறை எடுத்துப் பாருங்கள். பெரும்புயல் நாட்களில் ஒரு நிறுவனத்தின் டவரை மற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர்களும் பயன்படுத்த அரசு வழிசெய்வதுண்டு. அப்போது நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் இணைப்புக் கிடைக்கக்கூடும். வீட்டில் பிராட்பேண்ட் வேலை செய்தால், டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே பேசும் ‘வைஃபை அழைப்பு’ வசதியை இயக்கிக்கொள்ளலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைத் தொடங்கின.

அண்டை வீட்டாருக்குச் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், விமானப் பயன்முறையை இயக்கி, அரை நிமிடம் கழித்து அணையுங்கள். கைப்பேசி பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக டவரிடம் பதிவுசெய்துகொள்ள இது போதும். சரியாகவில்லை என்றால் ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். இரண்டு சிம் போடும் கைப்பேசியாக இருந்தால், சிம் அமைப்புகளில் இரண்டுமே இயக்கத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குழந்தைகள் கை பட்டு ஒன்று அணைந்துகிடப்பது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது சிம் அட்டை. கைப்பேசியை முழுவதும் அணைத்துவிட்டு, சிம் வைக்கும் தட்டை வெளியே எடுங்கள். சில கைப்பேசிகளில் ஊசி போடும் துளைக்குப் பக்கத்திலேயே ஒலிவாங்கியின் துளையும் இருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றிக் குத்திவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்தில் என் பெரியம்மாவின் கைப்பேசியில் வாரத்துக்கு இரண்டு முறை ‘சிம் இல்லை’ என்று வந்துகொண்டிருந்தது. தட்டை உருவி வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, அட்டையின் பொன்னிறத் தகட்டின் ஒரு மூலையில் எள்ளளவுக்குப் பச்சை படிந்திருந்தது. உப்புக்காற்று வேலையைக் காட்டியிருந்தது. அதோடு, அது பெரிய சிம்மாக இருந்து கடையில் வெட்டிச் சிறிதாக்கப்பட்டது. ஓரம் கோணலாக இருந்ததால் தட்டுக்குள் ஆடியது. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துப் போட்டதும் வேலை செய்தது. ஆனால் பத்து நாளில் மீண்டும் போனது. புதிய அட்டை வாங்கிய பிறகுதான் தொல்லை தீர்ந்தது. துடைப்பது சோதனைதான், பச்சை படிந்த அட்டையையும் வெட்டிய அட்டையையும் மாற்றிவிடுவதே தீர்வு. எண்ணெயோ தண்ணீரோ தொட்டுத் துடைக்காதீர்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

இதற்கும் சரியாகவில்லையா? இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இப்போது சொல்லப்போகும் மாற்றுச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிம்மை இன்னொரு கைப்பேசியிலும், நன்றாக வேலை செய்யும் இன்னொருவரின் சிம்மை உங்கள் கைப்பேசியிலும் போட்டுப் பாருங்கள். உங்கள் சிம் அங்கேயும் உயிர் பெறவில்லை என்றால் பழுது அட்டையிலோ உங்கள் கணக்கிலோ இருக்கிறது. மற்றவர் சிம் உங்கள் கைப்பேசியில் வேலை செய்யவில்லை என்றால் பழுது கருவியில். இரண்டுமே மாறிப் போட்ட இடத்தில் வேலை செய்தால், அட்டை சரியாக உட்காராமல் இருந்திருக்கிறது, அல்லது உங்கள் கைப்பேசியின் அமைப்பு உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு ஒத்துவரவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘போர்டு போய்விட்டது’ என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். தனி அட்டையாக இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் வைத்திருப்பவர்கள் இப்படி மாற்றிப் பார்க்க முடியாது; அவர்கள் வேறொருவரின் அட்டையைத் தம் கைப்பேசியில் போட்டு, கருவியை மட்டும் சோதிக்கலாம். இ-சிம்மை அழித்துவிட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அழித்தால் நிறுவனத்திடமிருந்து மறுபடியும் பெற்றாக வேண்டியிருக்கும்.

பழுது சிம்மிலோ கணக்கிலோ என்று தெரிந்தால், காரணங்கள் சில. போஸ்ட்பெய்டு கட்டணம் நிலுவையில் இருக்கலாம். ஓடிபிக்காக மட்டும் ஒரு பழைய எண்ணை வைத்திருப்பவர்கள் அதை 90 நாட்களுக்குப் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் எண்ணைத் துண்டிக்கலாம். ப்ரீபெய்டு கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. பிஎஸ்என்எல் எண்ணில் பழைய 2ஜி, 3ஜி சிம்மையே வைத்திருப்பவர்கள் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இவற்றையெல்லாம் விடக் கவலைப்பட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நேற்று வரை ஒழுங்காக இருந்த எண், ரீசார்ஜ் இருந்தும், அண்டை வீட்டாருக்குச் சிக்னல் இருந்தும், காரணமில்லாமல் செத்துப்போனால், வேறு யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். ஓர் எண்ணுக்குப் புதிய சிம் உயிர் பெற்றவுடன் பழைய சிம் அடங்கிவிடும். அதன் பிறகு வங்கியின் ஓடிபி போவது அந்தப் புதிய சிம்முக்குத்தான். இதற்கு முந்தைய நாட்களில், நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, சிம்மின் பின்புறம் அச்சிட்டிருக்கும் நீண்ட எண்ணையோ ஓடிபியையோ யாராவது கேட்டிருந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது. அப்போது சிம்மைத் துடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டிலுள்ள வேறொரு கைப்பேசியிலிருந்து முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். பிறகு நிறுவனத்துக்கு அழைத்து மாற்று சிம் வழங்கப்பட்டதா என்று கேளுங்கள். புதிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி போக்குவரத்தை நிறுத்திவைக்கும் பாதுகாப்பு நம் நாட்டில் உள்ளது. அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அதை நாளைக்குத் தள்ளிப்போட்டு வீணாக்க வேண்டாம். நீங்களே முறையாக மாற்று சிம் வாங்கினாலும் இதே விதிதான், ஆகையால் அந்த ஒரு நாளில் ஓடிபி தேவைப்படும் வேலைகளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழுது கைப்பேசியின் பக்கம் என்றால் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். நெட்வொர்க் வகை ‘3ஜி மட்டும்’ என்று நின்றிருந்தால், இன்று பெரும்பாலான இடங்களில் இணைவதற்கு டவரே இருக்காது. 5ஜி, 4ஜி, 2ஜி எல்லாம் சேர்ந்த தானியங்கித் தெரிவில் வையுங்கள். அடுத்து, நெட்வொர்க் நிறுவனத் தேர்வு. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்வந்தவர்கள் அங்கே கைமுறையாக ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, திரும்பியதும் மாற்ற மறந்துவிடுகிறார்கள். கைப்பேசி இங்கே இல்லாத நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருக்கும். தானியங்கிக்கு மாற்றினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். தனுஷ்கோடி பக்கம் போகிறவர்களுக்கு இதிலேயே வேறொரு எச்சரிக்கை: அங்கே இலங்கை நிறுவனங்களின் சிக்னல் எட்டுவதுண்டு. பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தால் ரோமிங் கட்டணம் விழக்கூடும்.

இதன் பிறகும் சரியாகாவிட்டால், அமைப்புகளின் ‘ரீசெட்’ பகுதியில் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கும் தெரிவு இருக்கிறது. அதில் படங்களும் தொடர்புகளும் அழியாது. வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும்தான் போகும். சில கைப்பேசிகளில் அதே இடத்தில் இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டம் இருக்கும். அதில் குறியிட வேண்டாம். வைஃபை வழியாக மென்பொருள் புதுப்பிப்பு காத்திருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் அழிக்கும் முழு ரீசெட்டை, வேறு வழியே இல்லாதபோது, காப்புப்பிரதி எடுத்த பின்னரே செய்ய வேண்டும்.

கடைக்குப் போகும் முன் *#06# என்று அழுத்திப் பாருங்கள். கைப்பேசியின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வர வேண்டும். எண்ணே வராமலோ வெறும் பூஜ்யங்களாகவோ வந்தால், டவரோடு பேசும் பகுதி பழுதாகியிருக்கிறது. நனைந்த, கீழே விழுந்த, போர்டில் கை வைக்கப்பட்ட கைப்பேசிகளில் இது வரும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது, சேவை மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எண் ஒழுங்காக வந்தும் எந்த நிறுவனத்தின் சிம்மும் வேலை செய்யவில்லை, கைப்பேசியும் பழையதாக வாங்கியது என்றால், அது திருட்டுப் புகாரின் பேரில் தடுக்கப்பட்டிருக்கலாம். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் நிலை தெரியும். பழைய கைப்பேசி வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்வது புத்திசாலித்தனம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கைப்பேசி என்றால், அது அங்குள்ள நிறுவனத்துக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று விசாரியுங்கள். அந்தப் பூட்டை அந்த நிறுவனம்தான் முறையாகத் திறக்க முடியும்.

பழுது டவரிலோ கணக்கிலோ என்றால், அதே நிறுவனத்தின் வேறோர் எண்ணிலிருந்து 198க்கு அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யுங்கள். கடைக்குப் போய் வாயால் சொல்லிவிட்டு வருவது கணக்கில் சேராது. புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால், அதே நிறுவனத்துக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அமைப்பிடம் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்தப் புகார் எண்தான்.